வெள்ளிக்கிழமை ஒரு மாடு விழும்

"தலையைத் தூக்கிப் பிடி வேலு! ரொம்பத் தூக்காதே, புரையேறிடும்!"

"புட்ச்சிகினுதாம்மா கீறேன்! அதுதான் ஆட்டிகினே கீது!"

விரட்டியது மாட்டு டாக்டர் பங்கஜம். புடவைத் தலைப்பு இடுப்பில் இறுகியிருந்தது. முழங்கை வரை சாணி. தரையில் மடங்கிக் கிடந்த செவலைப் பசுவின் கடைவாயில் மூங்கில் குழாயைச் செருகி, அதிலிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தாள். குழாயில் இருந்தது ஆப்ப சோடா கரைத்த தண்ணீர். காலை ஆறு மணிக்கு மந்தைவெளித் தெருமுனை மளிகைக் கடைக்காரரைத் தட்டி எழுப்பி வாங்கிய ஆப்ப சோடா.

செவலை பல்லை நறநறவென்று கடித்தது. டாக்டர் அதன் இடது விலாவில் முட்டியால் ஒரு குத்துக் குத்தினாள். பாதி நிரம்பிய குடத்தை ஆட்டியதுபோல் உள்ளே சளக்கென்று சத்தம்.

"இன்னொரு பக்கெட் கரைங்க. சீக்கிரம்!"

சுயம்புலிங்கம் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். ஓடும்போதே முருகா முருகா என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திசையன்விளையிலிருந்து மெட்ராஸ் வந்தவர். கூட வந்தவர்கள் தி. நகரில் பாத்திரக்கடை, துணிக்கடை என்று உட்கார்ந்துவிட்டபோது, இவர் மட்டும் இரண்டு மாடு வாங்கி மந்தைவெளியில் கொட்டகை போட்டார். இரண்டு பன்னிரண்டாயிற்று. போன வாரம் பதினொன்றாயிற்று.

மயிலைப் பசு செத்துப்போனது. அதற்கு முன் கறுப்பி விழுந்து, எப்படியோ பிழைத்தது. இப்போது செவலை. இருபது நாளில் மூன்று. மயிலைக்கு, அவசரத்துக்குக் கிடைத்த ஒரு ரிட்டயரான கம்பவுண்டர் வந்து மூன்று ஊசி போட்டுப் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் தெரு திரும்புவதற்குள் மயிலை கண்ணை மூடிவிட்டது.

இன்னும் இரண்டு மாடு போனால் கொட்டகையே போன மாதிரிதான். மயிலாப்பூர் ஓட்டல்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: தினம் நாற்பது லிட்டர் வந்தால் சுயம்புலிங்கம், வராவிட்டால் பக்கத்துத் தெரு நாகராஜ். நாகராஜுக்குப் பதினைந்து மாடு. ஒன்றுகூட விழவில்லை.

ஒன்பது மணிக்குச் செவலை முன்னங்காலை ஊன்றியது. பின்னங்காலைத் தூக்கியது. தள்ளாடியது. நின்றுவிட்டது.

"எழும்பிட்டு!" என்று கூவினாள் இசக்கியம்மாள், சுயம்புலிங்கத்தின் மனைவி. பெயருக்குத்தான் கொட்டகை அவருடையது. பால் யாருக்கு, புண்ணாக்கு எங்கே, எந்த வீட்டு வாசலில் எந்த மாட்டைக் கறப்பது, எல்லாம் இந்த அம்மாளின் தீர்மானம்.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு விசித்திரமான காரியம் செய்தாள்.

"மாவு சலிக்கிற சல்லடை இருக்கா? பழசா இருந்தாலும் சரி."

வந்தது. செவலை அப்போதுதான் போட்டிருந்த இளகின சாணியில் இரண்டு கை அள்ளிச் சல்லடையில் போட்டாள். தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். வெயிலில் நீட்டி, ஒரு விரலால் கிளறி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு அப்படியே குப்பைமேட்டில் கொட்டிவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு, வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிடம் போனாள். இன்றைய தாளைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. தலையை ஆட்டிக்கொண்டாள்.

"ராகு காலம் பாக்காங்க போல," என்றாள் இசக்கியம்மாள் கணவனின் காதில்.

அவள் சுருக்குப் பையை அவிழ்த்து ஐந்து ரூபாய் நோட்டை எடுத்தாள். எடுத்தாளே தவிர நீட்டவில்லை.

"ஊசி போடலியே டாக்டரம்மா?"

"தேவைப்படலை."

"ஊசி போட்டா அஞ்சு ரூவா. சும்மா பாத்துட்டுப் போனா ரெண்டு ரூவா. அதான மெட்ராஸ் பூரா வழக்கம்? சோடா எங்க காசு, தண்ணி எங்க கிணறு, குழாய் எங்க குழாய். இதுல நீங்க என்னத்தைப் போட்டிய?"

"மூணு மணி நேரம் போட்டேன்."

"அது மாடு எழும்புறதுக்கு ஆன நேரம்லா!"

வேலு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். இருபது வருஷமாக இதே பேட்டையில் பால் கறக்கிறவன். இசக்கியம்மாள் பேரம் பேசுவதைப் பார்ப்பது அவனுக்குச் சினிமா மாதிரி, டிக்கெட் வாங்க வேண்டாம்.

"மாடு எழுந்துடுச்சு. அதுக்கு அஞ்சு ரூபாய்," என்று டாக்டர் கையை நீட்டினாள். நோட்டு மாறியது.

சுயம்புலிங்கம் குறுக்கே வந்தார். "டாக்டரம்மா, எதனாலதான் இப்படி விழுது? அதைச் சொல்லிட்டுப் போங்களேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியுமா!"

"தெரியும். சொல்றதுக்கு நூறு ரூபாய்."

இசக்கியம்மாள் சுருக்குப் பையை இறுக்கிக் கட்டினாள்.

"மருந்துக்கா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"மருந்து கிடையாது."

"ஊசி?"

"கிடையாது."

"அப்போ நூறு ரூவாய்க்கு என்னதான் தருவிய?"

"ரெண்டு வாக்கியம்."

"வாயால பேசுததுக்கா? நூறு ரூவாயா? ஏம்மா, நூறு ரூவா இருந்தா ஒரு வண்டி வைக்கோல் வாங்கி, மிச்சத்துல நானும் ஒரு சேலை எடுத்துக்கிடுவேன்!"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. பையை மூடினாள். "மயிலை என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"ஆயிரத்து முந்நூறு."

"ஊசி ஒரு மாட்டுக்குத்தான். நான் சொல்றது நிக்கிற பதினொண்ணுக்கும். நான் சொன்னபடி செஞ்சு, அப்புறமும் ஒண்ணு இதே மாதிரி விழுந்தா, நூறையும் திருப்பித் தரேன். எழுதி வேணும்னாலும் தரேன்."

"இருபது தாறேன். சொல்லுங்க."

"நூறு."

"முப்பது. நல்ல மோரு இருக்கு, அதையும் தாறேன். குடிச்சிட்டுச் சொல்லுங்க."

"மோர் குடுங்க, குடிக்கிறேன். ஆனா சொல்ல மாட்டேன்."

மோரைக் குடித்துவிட்டு டாக்டர் வாசலில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். ரிக்‌ஷாக்காரன் பெடலை மிதிக்கப்போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்குத் திங்கள். வியாழக்கிழமை வரைக்கும் ஒண்ணும் பயமில்லை, நிம்மதியா கறங்க. வெள்ளிக்கிழமை காலைல ஒரு மாடு விழும். வியாழன் மத்தியானத்துக்குள்ள வந்தீங்கன்னா அதுவும் விழாது. மேற்கு மாம்பலத்துல என் வீடு தெரியுமில்ல?"

ரிக்‌ஷா போய்விட்டது.

மூன்று பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமைன்னு எப்படித் தெரியும்?" என்றார் சுயம்புலிங்கம்.

அதுதான் கேள்வி. அடுத்த மூன்று நாள் அந்தக் கொட்டகையில் வேறு கேள்வியே இல்லை.

"அண்ணாத்தே, நாள் சொல்றது ரெண்டு பேரு," என்றான் வேலு. "ஜோசியக்காரன் சொல்லுவான். இல்லாங்காட்டி, வெஷம் வெச்சவன் சொல்லுவான். இந்தம்மா ஜோசியம் பாக்கறதா தெரில."

"சீ, வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். ஆனா ஒண்ணு. காலைல நீ அம்மாவை எங்கேர்ந்து இட்டாந்தே?"

சுயம்புலிங்கம் யோசித்தார். அவர் மேற்கு மாம்பலம் வரை போகவே இல்லை. பக்கத்துத் தெருவில், நாகராஜின் கொட்டகை வாசலில் டாக்டரின் ரிக்‌ஷா நின்றது. அங்கிருந்துதான் அழைத்து வந்தார்.

"நாகராஜ் மாடு எதுனா சீக்கா கீதா?"

"இல்லையே."

"சீக்கில்லாத வூட்ல காலங்காத்தால டாக்டருக்கு இன்னா வேலை?"

சுயம்புலிங்கம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாகராஜ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பதினைந்து மாடும் மினுமினுவென்று நின்றன.

"வா நைனா. செவலை ஏந்துக்கிச்சாமே? குஷிதான்."

"அது இருக்கட்டும். டாக்டரம்மா உம்ம கொட்டகைக்கு எதுக்கு வாராங்க?"

"வருவாங்க. வாரத்துக்கு ரெண்டு தபா. திங்கள், வெள்ளி."

"எந்த மாட்டுக்கு என்ன?"

"எதுக்கும் ஒண்ணும் இல்லியே. வருவாங்க, சுத்திப் பாப்பாங்க, பேசுவாங்க, போவாங்க. மாசம் இருபது ரூபா குடுத்துடறேன்."

"பேசுததுக்கா?"

"பேசறதுக்குத்தான்."

"என்ன பேசுவாங்க?"

நாகராஜ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "இன்னா நைனா இது! நான் துட்டு குடுத்து வாங்கினதை நீ சும்மா வாங்கிகினு போலாம்னு பாக்கறியா? உன் பாலை நான் சும்மா கேட்டா ஊத்துவியா?"

சுயம்புலிங்கம் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். இசக்கியம்மாள் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சீக்கில்லாத மாட்டுக்கு மாசம் இருபது ரூவா எவனும் குடுப்பானா? அது பேச்சுக்குக் குடுக்கிற காசு இல்லை. வேற எதுக்கோ குடுக்கிற காசு."

வேற எதுக்கோ! வேலு விருட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போனான்.

"அம்மாடி! இங்க வந்து பாரு!"

வேலுவின் குரல் குப்பைமேட்டிலிருந்து வந்தது. டாக்டர் கொட்டிவிட்டுப் போன சல்லடைக் கசடை அவன் ஒரு வாழைமட்டையில் அள்ளி வைத்திருந்தான். இருவரும் குனிந்தார்கள்.

கடுகு. நாலைந்து மிளகு. மிளகாய் விதை. சுருண்ட கறிவேப்பிலை. ஓர் ஏலக்காய்த் தோல்.

இசக்கியம்மாள் இரண்டு அடி பின்னால் போனாள். "கடுகு, மிளகா, மிளகு! இது மாட்டு வயித்துக்குள்ள எப்படிப் போச்சு? இது செய்வினை! சத்தியமா செய்வினை! அந்த அம்மா இதைப் பாத்துட்டுத்தான் கொட்டிருக்கா. பாத்துட்டுத்தான் நூறு ரூவா கேட்டிருக்கா!"

"ஏட்டி, கத்தாத..."

"கத்தாம? சும்மாவா நாள் சொன்னா? வச்சவனுக்குல்லா தெரியும், எந்த நாள் பலிக்கும்னு!"

போலீசுக்குப் போகலாமா என்று சுயம்புலிங்கம் பத்து நிமிஷம் யோசித்தார். சாணியில் கடுகு இருந்தது என்று எந்த இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்வது? யோசனையை விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து அங்கமுத்துப் பூசாரி வந்தார். வாழைமட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். கடுகைத் தள்ளினார், மிளகைத் தள்ளினார், ஏலக்காய்த் தோலிடம் வந்ததும் நின்றார்.

"ஏலக்காயா?"

"ஆமா சாமி. அதுதான் எங்களுக்கும் புரியலை," என்றாள் இசக்கியம்மாள்.

"பெரிய கை வேலைம்மா இது. கடுகு வெச்சுச் செய்யறவன் தெருவுக்கு ஒருத்தன் கீறான். ஏலக்கா வெச்சுச் செய்யறது மலையாளத்து ஆளுங்க வேலை. எடுக்கறது கஷ்டம். நூத்தியோரு ரூபா ஆவும். சேவல், கற்பூரம், தேங்கா தனி."

இசக்கியம்மாள் சுருக்குப் பையை அவிழ்த்தாள். எண்ணிக் கொடுத்தாள். ஐந்து பைசா எலுமிச்சம்பழத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு மாட்டின் கழுத்திலும் பதினொரு தாயத்து ஏறியது. வாசல் நிலையில் பூசணிக்காய் தொங்கியது. வேலுவுக்கு மட்டும் சேவல் மேல் வருத்தம்; நல்ல சேவல்.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை சுயம்புலிங்கம் கடைவீதிக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் உலக்கை. கொல்லைப்புறச் சுவரில் வேலு ஏறி உட்கார்ந்தான். ஒரு புதுமுகம்கூட உள்ளே வரவில்லை. புண்ணாக்குக்காரர் வந்தார், வைக்கோல் வண்டி வந்தது, கல்யாண மண்டபத்துக் கைவண்டி வந்தது, மோர் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். எல்லாம் வருஷக்கணக்கில் தெரிந்த முகங்கள். நாகராஜ் தெருவைக் கடந்து போனார். உலக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் தாண்டியது. டாக்டரம்மாள் சொன்ன கெடு தாண்டியது. இசக்கியம்மாள் ஒரு தடவை சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்தாள். தாயத்தைப் பார்த்தாள். பையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்குப் பாரு. ஒண்ணும் விழாது," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வேலு பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தான். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தான்.

"அம்மா! ஒண்ணு இல்லம்மா! ரெண்டு!"

செவலை மறுபடியும் மடங்கிக் கிடந்தது. அதற்கு அடுத்த முளையில், கழுத்தை நீட்டித் தரையில் போட்டுக்கொண்டு, சிந்தி. வேளைக்கு ஏழு லிட்டர் கறக்கிற சிந்தி. ஓட்டல் பாலில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மாடு. தாயத்து அதன் தாடைக்குக் கீழே சாணியில் புதைந்திருந்தது.

சுயம்புலிங்கம் உலக்கையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இசக்கியம்மாள் உட்காரவில்லை.

"வேலு! நாகராஜ் கொட்டகைக்கு ஓடு! இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அந்த அம்மா அங்கதான் இருப்பா! காலைப் பிடிச்சாவது இழுத்துட்டு வா!"

காலைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வேலு போய்ச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். நூறு ரூபாய் என்ற பேச்சே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று சொன்னேனே என்றும் சொல்லவில்லை. சிந்தியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், விலாவில் குத்தினாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"செவலைக்கு சோடாத் தண்ணி, வேலு. அன்னைக்குச் செஞ்ச மாதிரியே நீயே குடு. உனக்குத் தெரியும். மெதுவா. நீங்க ரெண்டு பேரும் சிந்தி தலையைப் பிடிங்க."

பையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலும் ரப்பர் குழாயும் வெளியே வந்தன. கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. இசக்கியம்மாள் சிந்தியின் காதைத் தடவியபடி அதைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஊசி போடுதிய?"

"இன்னைக்குத் தேவைப்படுது."

பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஏழு மணி. வாசலில் பாத்திரத்தோடு வந்தவர்களை வேலு திருப்பி அனுப்பினான். எட்டு மணி. ஓட்டல் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு நாகராஜ் தெருப்பக்கம் நடந்தான். அதைச் சுயம்புலிங்கம் பார்த்தார். பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது பாட்டில். ஒன்பதரை.

பத்தேகாலுக்குச் சிந்தி காதை ஆட்டியது. ஈ விரட்டுவதற்காக ஆட்டியது. டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"பிழைச்சுக்கும். நாலு நாளைக்குப் பால் குறையும். அப்புறம் சரியாகும்."

இசக்கியம்மாள் எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் பத்து ரூபாய் நோட்டுகளாகப் பத்து இருந்தன. டாக்டர் மடியில் வைத்தாள்.

"நூறு. பேரம் பேசலை. சொல்லுங்க. யாரு வச்சா?"

"எல்லாரும் கிட்ட வாங்க," என்றாள் டாக்டர். "வேலு, நீயும். காசு குடுத்திருக்காங்க, வீணாகக் கூடாது." மூவரும் கிட்டே வந்ததும் கேட்டாள்: "நேத்து சாயங்காலம் மாட்டுக்கு என்ன வெச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். வைக்கோல், புண்ணாக்கு, தவிடு," என்றார் சுயம்புலிங்கம்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை. மண்டபத்துச் சோறு வந்துச்சு, அதை வச்சோம்."

"எவ்வளவு?"

"நாலு தகர டின் வந்திருக்கும். நேத்து பெரிய இடத்துக் கல்யாணம்லா. சோறு, பாயசம், லட்டு உதிரின்னு நல்லா வந்திச்சு."

டாக்டர் சிந்தியின் வயிற்றைக் கையால் காட்டினாள். கேட்டவர்கள் மூவரில் முதலில் முகம் மாறியது இசக்கியம்மாளுக்குத்தான். அந்தச் சோறு அவளுடைய சாமர்த்தியம். மயிலாப்பூர் போகிற வழியில் இருக்கிற கல்யாண மண்டபத்துச் சமையல்காரரிடம் பேசி, முகூர்த்த நாளில் மிஞ்சுகிற அத்தனையும் தன் கொட்டகைக்கே வரும்படி ஏற்பாடு செய்தவள் அவள். பைசா செலவில்லை. தெருவில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்!

"சோறா?" என்றாள். "சோறு தின்னா மாடு சாகும்?"

"வீட்டுல இட்லி மாவு அரைச்சு வெயில்ல வெச்சிருக்கீங்களா? என்ன ஆகும்?"

"பொங்கிப் புளிச்சுப் போகும்."

"அதேதான். மாட்டு வயிறு வைக்கோலுக்குப் பழகின வயிறு. ஒரேயடியா ரெண்டு படி சோறும் பாயசமும் உள்ள போனா, ராத்திரி பூரா மாவு மாதிரி புளிக்கும். அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறினா காலைல மாடு விழும். எது அதிகமா தின்னுதோ அது விழும். முன்னாடி நிக்கிற மாடு, பசியெடுத்த மாடு, நல்லா கறக்கிற மாடு. இப்ப ரெண்டு வாக்கியம். ஒண்ணு, மண்டபத்துச் சோறு வேண்டாம். ரெண்டு, மனசு கேக்கலைன்னா தவிட்டோட பிசைஞ்சு மாட்டுக்கு ஒரு கைப்பிடி, அதுக்கு மேல ஒரு பருக்கை கூடாது. அவ்வளவுதான்."

"வெள்ளிக்கிழமைன்னு..."

"உங்க காலண்டர்லயே போட்டிருக்கே, வியாழக்கிழமை முகூர்த்தம்னு. முகூர்த்தத்துக்கு மறுநாள்தான் இங்க மாடு விழுது. கறுப்பி விழுந்த நாளையும் மயிலை விழுந்த நாளையும் நீங்களே பின்னாடி எண்ணிப் பாருங்க."

வேலு தலையில் அடித்துக்கொண்டான். "ஏலக்கா! அட, பாயசத்துல போட்ட ஏலக்காம்மா அது! கடுகு, கறிவேப்பிலை எல்லாம் ரசத்துல கீறது! மலையாளத்து ஆளு வேலைன்னான் பாரு அந்தாளு!"

"நூத்தியோரு ரூவா," என்றாள் இசக்கியம்மாள் சன்னமாக. "சேவல் வேற."

"சேவல் வேற," என்றான் வேலு.

இசக்கியம்மாள் சிந்தியின் கழுத்துத் தாயத்தை அவிழ்த்து எறிந்தாள். பிறகு அவளுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டாள். "அப்போ அந்தச் சோத்தை என்ன செய்ய? நாகராஜ்கிட்ட வேணா வித்துரலாமா? டின்னுக்கு ஒரு ரூவான்னா..."

டாக்டர் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள். "வாங்க மாட்டார். அந்தச் சமையல்காரர் முதல்ல அவர்கிட்டத்தான் வந்தார். என்கிட்ட கேட்டார், வேண்டாம்னேன். அந்த மாசம் அவர் குடுத்த இருபது ரூபாய்க்கு நான் பேசினது அவ்வளவுதான்."

டாக்டர் மூவரையும் ஒவ்வொருவராக அந்த இரண்டு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சுயம்புலிங்கம் சொன்னார். வேலு சொன்னான். இசக்கியம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒண்ணு கேக்கேன் டாக்டரம்மா. கோவிச்சுக்கிடக் கூடாது. திங்கக்கிழமையே இதை உங்க வாயால சொல்லியிருந்தா, என் சிந்தி இந்தப் பாடு பட்டிருக்குமா? வாயில்லாச் சீவன். அதை வச்சுக்கிட்டா நூறு ரூவா கேப்பிய? எப்பமாவது ஒரு நாள், காசு கேக்காம, ஒரு வார்த்தை சொல்லியிருந்தியன்னா என் மயிலை இங்க நிக்கும்லா?"

சுயம்புலிங்கம் "ஏட்டி, சும்மா இரு" என்றார். அவள் சும்மா இருக்கவில்லை. பதிலுக்காக டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ரப்பர் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பையின் பூட்டை ஒரு தடவை திறந்தாள், மறுபடி மூடினாள்.

"சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்," என்றாள். "தை மாசம் மயிலைக்கு வயித்துல கோளாறுன்னு என்னைக் கூப்பிட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஊசி போட்டிய. மறுநாளே நல்லாயிட்டு. அஞ்சு ரூவா தந்தேன்."

"அன்னைக்குத்தான் மண்டபத்துச் சோறு இங்க முதல் தடவை வந்திருந்தது. ஊசில இருந்தது வெறும் வைட்டமின். ஊசி போடலைன்னா காசு தர மாட்டீங்கன்னு போட்டேன். போட்டுட்டு, இதே இடத்துல நின்னு, இதே ரெண்டு வாக்கியத்தையும் உங்ககிட்டத்தான் சொன்னேன். சும்மாதான் சொன்னேன். நீங்க சரி சரின்னு தலையாட்டிட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்ச்சு விடணுமான்னு கேட்டீங்க."